தத்தனார் உருவிய வாள்

படுவான்கரைப் பக்கத்துச் சைவப் பாடசாலையொன்றிலே சமயபாடம் கற்பிக்கும் ஆசிரியரொருவர், தம் வகுப்பில் நிகழ்ந்ததொரு செய்தியைச் சிலகாலத்துக்கு முன் நம்மிடம் கூறினார். இடைவேளையிலே உயர்வகுப்பு மாணாக்கனொருவன் ஒரு சிறுவனுடைய கையை முறுக்கி, அவன் கொண்டுவந்த சோற்றுப்பொதியைப் பறித்துக்கொண்டிருந்தான். அதனைக் கண்ட மூன்றாமவன், பதின்மூன்று வயதினன், ஓடிச்சென்று விடச் சொல்லியும் விடாமை கண்டு, முறுக்கிய கையின்மேல் ஓங்கி அடித்தான். பிடி தளர்ந்தது, சிறுவன் தப்பினான். இது முதல் நாள். மறுநாட் காலையில் அந்த மூன்றாமவனே தன் தோழர் இருவரோடு வாவிக்கரை வழியிற் காத்திருந்து, தனியே வந்த அவ்வுயர்வகுப்பினனைப் பூவரசங்கம்பினால் அடித்தான். ஆசிரியர் இருநாளும் விசாரணை செய்தார். இருநாளும் அவனை ஒரே அளவினதாக வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அடித்தவன் எவனாயினும் அடித்தவனே என்பது அவர் கொண்ட நியாயம்.

அக்கிழமையிலேயே மெய்ப்பொருணாயனார் சரித்திரம் பாடமாக வந்தது. பாடம் முடிந்தவுடன் அம்மாணாக்கன் எழுந்து, "ஐயா, தத்தனாரும் வாளை உருவினாரே, அவரையும் வெளியே நிறுத்தவேண்டுமா?" என்று வினாவினானாம். வகுப்பு நகைத்தது, ஆசிரியர் நகைத்திலர். அவ்வேளை மணி அடித்தது தம் நல்வினைப்பயன் என்று அவர் நம்மிடம் ஒளியாது கூறினார்.

இவ்வினாவைச் சிறுபிள்ளையின் குறும்பென்று தள்ளிவிடுதல் தகாது. தன்னைக் கொல்லவோ வருத்தவோ வருபவனை ஒருவன் பலாத்காரத்தால் தடுக்கலாமோ, தடுக்கலாமெனின் எவ்வளவிற்கு, எவ்விடத்தில் அத்தடை பாவமாக மாறும் என்பது நம் முன்னோரும் பிறநாட்டறிஞரும் நெடுங்காலம் ஆராய்ந்த வினா. நம் நாட்டிலோ அஃது ஏட்டளவில் நின்ற வினாவுமன்று. நம் வீடுகளில் இதற்கு இரண்டு விடைகள் ஒரே நாவிலிருந்து வருகின்றன. காலையிலே கொல்லாமையைப் புகழ்ந்து புலாலை விலக்கும் தந்தையார், மாலையிலே அழுதுகொண்டு வரும் மகனை நோக்கி, "நீ ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்று உறுக்குகின்றார். பிள்ளை இரண்டையும் கேட்கின்றது. இரண்டையும் ஒன்றாக இணைக்கும் வழியை எவரும் அதற்குச் சொல்வதில்லை. சொல்லவேண்டியவர் யார்? பெரும்பாலும் ஆசிரியரே.

திருவள்ளுவர் இன்னாசெய்யாமை, கொல்லாமை என்னும் இரண்டினையும் அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார். கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரிற் களைகட்டலோடு ஒப்பிட்டதோ பொருட்பாலில், செங்கோன்மையில். ஒருபுறம் துறவி, மற்றொருபுறம் வேந்தன். இவ்விருவர்க்கும் நடுவே நிற்கின்றான் இல்லறத்தான். அவன் கையிற் செங்கோலில்லை. அவன் தோளிற் காவியுமில்லை. மனைவி மக்களும் அயலாரும் அவன் நிழலில் இருக்கின்றனர். நள்ளிரவிற் கதவை உடைத்து வருபவன்முன் அவன் செய்யக்கடவது யாது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

மெய்ப்பொருணாயனார் சரித்திரத்தை ஆசிரியர்கள் பலமுறை சொல்லியிருப்பர். ஆயினும் அதனை நாயனார் பக்கத்தினின்று மாத்திரமே நோக்குவது நம் வழக்கமாயிற்று. இங்கே காவலாளராகிய தத்தனார் பக்கத்தினின்று ஒருமுறை நோக்குவோம். திருக்கோவலூரிலிருந்து சேதிநாட்டை ஆண்ட நாயனாரைப் போரிற் பலமுறை எதிர்த்துத் தோற்ற முத்தநாதன், திருநீறணிந்து, புத்தகப்பொதியுள்ளே ஆயுதத்தை மறைத்துக்கொண்டு, அடியார் வேடத்தில் அரண்மனை புகுந்தான். பள்ளியறை வாயிலில் நின்ற தத்தனார், அரசர் துயில்கின்றார், சமயமறிந்து செல்லுக எனத் தடுத்தும், அவன் அதனைப் பொருட்படுத்தாது உட்புகுந்தான். உபதேசம் கேட்கத் தாழ்ந்திருந்த அரசரைக் குத்தினான். அப்போதே தத்தனார் பாய்ந்து வாளோங்கினார். விழுகின்ற நாயனார் கையால் தடுத்து, இவர் நம்மவர் என்னும் கருத்தை உணர்த்தி, இவருக்கு இடையூறு நேராமல் நகர்ப்புறத்தே விட்டுவா எனக் கட்டளையிட்டார். செய்தி பரந்தது, நகரமாந்தர் முத்தநாதனைக் கொல்ல வழியெங்குஞ் சூழ்ந்தனர். தத்தனார் அரசர் ஆணையைச் சொல்லி அவர்களை விலக்கி, பகைவனை ஊர் கடத்திவிட்டு மீண்டார். அச்செய்தி காதில் விழும்வரை நாயனார் உயிர் தாங்கியிருந்தார்.

இதிலே மூன்று நிலைகள் உள. ஆயுதம் அரசர்மேல் இறங்கும்பொழுது தத்தனார் வாள் எழுந்தது; அது காவல். அரசர் தடுத்தபின் அவ்வாள் தாழ்ந்தது. வாளோங்கிய கை நடுவழியில் நிற்பது எத்துணை அரிதென்பதைக் கைகலப்பை விலக்கப்போன ஆசிரியர் எவரும் அறிவர். மூன்றாவதே நமக்கு வியப்பைத் தருவது. எவனைக் கொல்ல எழுந்ததோ அவனையே சினங்கொண்ட கூட்டத்தினின்றும் காக்க அதே கை சென்றது. கூட்டத்தார் கெட்டவரல்லர், தம் அரசரை நேசித்தவர். ஆயினும் அவர்கள் ஓங்கிய கைக்கும் தத்தனார் முதலில் ஓங்கிய கைக்கும் பெயர் ஒன்றன்று. அவர் ஓங்கியபொழுது தடுக்கற்பாலதாகிய தீங்கு ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. அவர்கள் ஓங்கியபொழுது தடுக்க ஒன்றுமில்லை; தீர்க்கவேண்டிய சினம் மாத்திரமே இருந்தது.

தத்தனார் வாளெடுத்ததைச் சேக்கிழார் பெருமான் ஓரிடத்தும் பழித்திலர் என்பதையும் கருதுக. நாயனார் தம்மேல் விழுந்த குத்தைப் பொறுத்தது அவருடைய உரிமை. அஃது அவருடைய உயிர். தத்தனாருக்கோ அவ்வுரிமை இல்லை. அரசர் உயிரை அவர் பொறுமையென்னும் பெயரால் விட்டுக்கொடுத்திருப்பாராயின், அது பொறுமையாகாது, காவற்கடமையிற் பிழைத்தலாம். தன் கன்னத்தில் விழும் அடியை மன்னிக்க ஒருவனுக்கு அதிகாரம் உண்டு. பிறன் கன்னத்தில் விழும் அடியை மன்னிக்க அவனுக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இவ்வேறுபாடு புராணகாலத்தோடு ஒழிந்ததொன்றன்று. 1908-ஆம் ஆண்டு பெப்ருவரி 10-ஆம் நாள், தென்னாபிரிக்காவிலே ஜோகானஸ்பேர்க் நகரில், பதிவுச்சட்டம் பற்றிய உடன்பாட்டின்படி தம்மைப் பதிவுசெய்யச் சென்ற காந்தியடிகளை, அவ்வுடன்பாட்டைத் துரோகமெனக் கருதிய மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவருடைய தோழரும் வழிமறித்து அடித்து வீழ்த்தினர். உணர்வு மீண்டவுடன் அடிகள், தம்மை அடித்தவர்மேல் வழக்குத்தொடரத் தாம் விரும்பவில்லை என்று அரசாங்கத்துக்குத் தந்தி கொடுத்தார். ஆயினும் பொதுவீதியில் நிகழ்ந்த குற்றமாதலின் அவர்கள் பின்னர்த் தண்டிக்கப்பட்டனர். பின்னொருகால் அடிகளின் மூத்த மைந்தர், அவ்வேளை தாம் அருகிலிருந்தால் என்செய்திருக்கவேண்டும், ஓடுவதா, பார்த்துக்கொண்டிருப்பதா, பலத்தைக் கொண்டு காப்பதா என்று வினாவினார். பலத்தைக் கொண்டேனும் தந்தையைக் காப்பது மைந்தன் கடமை என்று அடிகள் விடையிறுத்தார். 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து யங் இந்தியா இதழில் அவரே இதனை எழுதி, கோழைமைக்கும் பலாத்காரத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டுமென்றால் பலாத்காரத்தையே தேர்ந்துகொள்ளச் சொல்வேன் என்னும் கருத்தையும் வெளியிட்டார். அகிம்சையை உலகுக்கு உரைத்தவர் இவ்வாறு உரைத்தாரேயெனச் சிலர் மயங்குவர். நாயனாருக்கொரு நீதியும் தத்தனாருக்கொரு நீதியும் உண்டென்பதை உணர்ந்தவர்க்கு மயக்கமில்லை. அடிகள் தம்மளவில் நாயனாராக இருந்தார். மைந்தரைத் தத்தனாராக இருக்கச் சொன்னார்.

மனுஸ்மிருதி, கொல்லவரும் ஆததாயியைக் குருவாயினும் முதியவராயினும் தடையின்றி எதிர்க்கலாமெனக் கூறும். அதே ஆததாயி என்னும் சொல்லை எடுத்து, இவர்களைக் கொன்றாலும் நம்மைப் பாவமே சாருமென்று கீதையின் முதலத்தியாயத்திலே அருச்சுனன் தயங்குகின்றான். ஆகவே இதிற் கருத்துவேற்றுமை பழையது. நம் அயலவராகிய கத்தோலிக்கர் போற்றும் தாமஸ் அக்குவைனாஸ் என்பவர் 13-ஆம் நூற்றாண்டிலே இதனை நுணுகி ஆராய்ந்து, ஒரே செயலில் இருபயன் விளையலாம், தன்னுயிரைக் காத்தல் ஒன்று, தாக்குபவன் இறத்தல் மற்றொன்று, முன்னதையே கருதி, வேண்டியவளவுக்கு மேற்படாத பலத்தைக் கொண்டவன் குற்றவாளியாகான் என்று முடிவுசெய்தார். செயலுக்கு நிறந்தருவது எண்ணமே என்பது நமக்கும் உடன்பாடு. ஆயின் எண்ணத்தைப் பிறர் காணார், அளவைக் காணலாம். அதனாலன்றோ சட்டம் அளவைப் பற்றிக்கொண்டது.

சட்டம் கூறுவதை ஆசிரியர்கள் தெரிந்திருப்பது நன்று, பலர் தெரிந்திலர். இலங்கையில் இன்றும் நிலவுவது 1883-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. தன் உடலை மாத்திரமன்றிப் பிறனொருவனுடைய உடலையும் காத்தற்கு எவர்க்கும் உரிமையுண்டு. அபாயம் வருமென்னும் நியாயமான அச்சம் பிறந்தவுடன் உடலைக் காக்கும் உரிமை தொடங்கும். அவ்வச்சம் உள்ளவரையே நிற்கும். அச்சம் நீங்கியவுடன் உரிமையும் நீங்கும். காத்தற்கு வேண்டியதின் மேலாகத் தீங்கு செய்தல் கூடாது. அரச அதிகாரிகளிடம் சென்று காவல் தேட அவகாசமிருந்தால் அவ்வுரிமை எழாது. மரணத்தையோ கொடுங்காயத்தையோ கற்பழிப்பையோ ஆட்கடத்தலையோ நியாயமாக அஞ்சவேண்டிய தாக்குதலாயின், தாக்குபவன் உயிர்போகும் அளவிற்கும் அவ்வுரிமை செல்லும். நல்லெண்ணத்தோடு காக்கத் தொடங்கி அளவு கடந்து கொன்றவன் முழுத்தப்பிலன். ஆயினும் அவன் செயலைச் சட்டம் கொலையென்னும் பெருங்குற்றத்தினின்று ஒருபடி குறைத்தே எண்ணும். நடுங்குகின்ற ஒருவன் தன் அடியைப் பொற்றராசில் நிறுத்து அடிக்கமாட்டான் என்று இந்திய நீதிமன்றங்கள் பலகாற் கூறியதும் இவ்விரக்கம் பற்றியே.

வாசிப்பவர், படுவான்கரைப் பாடசாலையின் அந்த இருநாள்களையும் இச்சட்டத்தோடு வைத்துப் பார்ப்பராக. முதல்நாளடி இதனுள் முற்றும் அடங்கும். மறுநாளடி இதன் ஒரு சொல்லினுள்ளும் அடங்காது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஈண்டு ஒன்று சொல்லுதல் வேண்டும். கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயிலுற்சவத்தில் பாரதக்கதை நிகழ்ச்சிகளாக நடிக்கப்பெற்றுத் தீமிதிப்போடு நிறைவெய்துவதை நம் பகுதியார் கண்டிருப்பர். துகிலுரியப்பட்ட சபையிலே வீமனும் அருச்சுனனும் இருந்தார்கள். வீடுமரும் துரோணரும் இருந்தார்கள். வலிமையிற் குறைந்தவர் அங்கே எவருமிலர். தருமம் நுட்பமானதென்று சொல்லி வலியவர் வாளாவிருந்ததே அச்சபையின் பழி. ஆயினும் நம்மவர் பலர், தனிவழியிலே பாடசாலை சென்று மீளும் பெண்பிள்ளைக்கு அடக்கத்தையும் ஒதுங்குதலையும் போதிக்கின்றனரேயன்றி, பிடித்த கையை உதறவும், கூவவும், கடிக்கவும், கல்லெடுக்கவும் அவளுக்கு உரிமையுண்டென்று ஒருநாளும் கூறுவதில்லை. அவ்வாறு செய்தாளொருத்தியை, ஏன் அடக்கமின்றி நடந்தாயென்று வினாவிய பெரியோரும் உளர். அவள் செய்தது அடக்கக்குறைவன்று. சட்டத்தினும் தருமத்தினும் அவளுக்குள்ள காவல். நம் ஆசிரியைமார் இதனை வகுப்பில் நாணமின்றிச் சொல்லுதல் வேண்டும்.

இனி ஓர் ஆசங்கை. வன்செயலை இவ்வளவு அளந்து பேசும் நீவிர், மழுவேந்திய எறிபத்தநாயனாரை என்செய்வீர்? சிவகாமியாண்டார் பூக்கூடையைச் சிதறிய பட்டத்தியானையையும் பாகரையும் அவர் வெட்டி வீழ்த்தினாரன்றோ எனின், கூறுதும். அச்சரித்திரம் தற்காப்புக்கு இலக்கியமன்று. எறிபத்தர் தம்மைக் காக்க எழுந்தவரல்லர். அதனை மாணாக்கர் சச்சரவுக்கு மேற்கோளாகக் கொள்ளுதல் பெரும்பிழை. அன்றியும் அச்சரித்திரம் வெற்றியில் முடியவில்லை. யானைக்குரிய புகழ்ச்சோழர், பிழை தம்மதென்று தம் வாளை நீட்டித் தம்மைக் கொல்லும்படி வேண்டினார். அவ்வன்பைக் கண்ட எறிபத்தர் அவ்வாளை வாங்கித் தம் கழுத்திலே வைத்தார். வெட்டியவரும் வெட்டுண்டவற்றின் தலைவரும் குற்றத்தைத் தம்மேற் போட்டுக்கொள்ளப் போட்டியிட்டனர். இறைவனருளால் யானையும் பாகரும் எழுந்தனர். சிறுவகுப்புகளில் இக்கதையைக் கற்பிப்பது நமக்கு எளிதாகத் தோன்றவில்லை என்பதை மறைப்பானேன்? கற்பிப்பவர் மழுவோடு நிறுத்திவிடாது, கழுத்தில் வைத்த வாள்வரையேனும் சொல்லிமுடிக்கவேண்டும்.

ஏனாதிநாதநாயனார் சரித்திரம் இப்பொருளுக்கு நெருங்கியது. அவர் எயினனூரில் வாட்படைத்தொழில் பயிற்றிய ஆசிரியர். தொழிற்பொறாமையாற் படையோடு வந்த அதிசூரனை எதிர்த்துப் பொருது தோற்றோடச் செய்தார், அது தற்காப்பு. பின்னர்த் தனிப்போருக்கு அழைத்த அதிசூரன், திருநீற்றைப் பூசிக் கேடயத்தால் மறைத்து வந்து, சமயம்பார்த்து அதனைக் காட்டினான். நீற்றைக் கண்ட நாயனார் கொல்லாதொழியத் துணிந்தார். வாளையும் கேடயத்தையும் எறிந்துவிடவும் எண்ணினார். எறிந்தால், ஆயுதமில்லாதவரைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சேருமேயென்று இரங்கி, பொருபவர்போல ஏந்தியபடியே நின்று அவன் கருத்தை முற்றுவித்தார். கொல்பவனுடைய பழியை நினைந்து ஆயுதத்தை விடாதவரை உலகசரித்திரத்தில் நாம் வேறெங்கும் கண்டிலேம். இது கடமையன்று, கடமைக்கு அப்பாற்பட்டது. பிள்ளைகளை நோக்கி, நீங்களும் இவ்வாறு செய்யக்கடவீரென விதிப்பது கொடுமை. உயரத்திலுள்ளதை உயரத்திலே வைத்துக் காட்டினாற் போதும்.

நம்மூர் வயலிலே இவ்வளவுகள் நாடோறும் சோதிக்கப்படுகின்றன. படுவான்கரையில் வேளாண்மை விளையுங்காலத்தில் இரவிரவாகப் பரணிற் காவலிருப்பவர் பலர். யானை வந்தால் கூவுகின்றனர், தகரத்தைத் தட்டுகின்றனர், வனசீவராசிகள் திணைக்களத்தார் கொடுக்கும் யானைவெடியைக் கொளுத்தி வெருட்டுகின்றனர். எதிரே பாய்ந்த யானைக்குத் தப்பும்பொருட்டு ஒருவன் செய்வதை எவர் குறைகூறுவர்? ஆனால் பூசணிக்காயினுள்ளே வெடியை மறைத்துக் காட்டோரத்தில் வைத்துவிட்டு வீடுபோய் உறங்குவோரும் உளர். சிங்களத்தில் ஹக்கா பட்டாஸ் என்னும் இது, கடித்த யானையின் தாடையைச் சிதைக்கும். அவ்வுயிர் உண்ணமாட்டாது, பருகமாட்டாது, பலநாள் அலைந்து மடியும். இலங்கையில் யானைகள் மடிதற்குரிய பெருங்காரணங்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. வைத்தவன் சொல்வதும் தற்காப்பென்னும் அதே சொல்லே. அவ்வெடிக்குக் கண்ணில்லை. வயலில் இறங்கிய யானை இது, வழியே சென்ற கன்று இது என அஃது அறியாது. அபாயம் இல்லாத வேளையிலும் அது விழித்திருக்கும். எதிர்நிற்பவனைத் தடுக்கும் கைக்கும், வருபவர் எவராயினுஞ் சரியென்று விதைத்துவைக்கும் பொறிக்கும் உள்ள தூரம், காவலுக்கும் கொலைக்கும் உள்ள தூரமே.

யானைக்குச் சொன்னது மனிதர்க்கும் பொருந்தும். இதனைச் சொல்லும்பொழுது நம் எழுதுகோல் தயங்குகின்றது; எனினும் சொல்லாதொழிதல் ஆசிரியர்க்கு எழுதுவோர் கடனாகாது. 1990-ஆம் ஆண்டு இவ்வாவிக்கரையிலே தற்காப்பென்னும் சொல்லைச் சொல்லாத பக்கமில்லை. ஆகஸ்டு 3-ஆம் நாளிரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் தமிழர் பெயரால் ஆயுதமேந்திய புலிகளாற் சுடப்பட்டு மாண்டனர். அடுத்த கிழமை ஏறாவூரில் அவ்வாறே நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். செப்டெம்பர் 5-ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழருள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர் மீண்டிலர். 9-ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் குழந்தைகளும் முதியோருமாக 180-க்கு மேற்பட்டோர் அழிந்தனர். ஊரைக் காக்கவென ஊர்காவற்படைக்குக் கொடுத்த துவக்குகளுட் சில அயலூரார்மேலேயே திரும்பின. ஒவ்வொருவரும் முந்தியநாள் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். சொன்னது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் தொழுகையிலே குனிந்திருந்தவர் எவரைத் தாக்கிக்கொண்டிருந்தார்? சத்துருக்கொண்டானின் கைக்குழந்தை எவர்மேல் வாளோங்கிற்று? நம்மவர் செய்தமையாற் காத்தான்குடியை மெல்லச் சொல்லவும், நமக்குச் செய்தமையாற் சத்துருக்கொண்டானை உரக்கச் சொல்லவும் நம் நா பழகியிருப்பின், நாம் மாணாக்கர்க்குத் தருமத்தைக் கற்பிக்கவில்லை, கட்சியைக் கற்பிக்கின்றோம்.

கொக்கட்டிச்சோலையை அறியாத சைவர் இப்பகுதியில் இல்லை. தான்தோன்றீச்சரத்தை இடிக்க வந்த பறங்கியர், இக்கல்நந்தி புல்லுண்ணுமோவென எள்ள, நந்தி எழுந்து புல்லுண்டது என்றும், அதுகண்டு அவர்கள் அஞ்சி அகன்றனர் என்றும் கர்ணபரம்பரை கூறும். ஒருதுளி இரத்தமின்றிக் கோயில் காக்கப்பட்ட கதை அது. அக்கோயிலை அடுத்த மகிழடித்தீவிலே 1991-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்ததன்பின், அவர் தோழர் கிராமத்துட் புகுந்து ஊராரைக் கொன்றனர். இருபக்கச் சூட்டுக்கு நடுவே அகப்பட்டு மாண்டார்கள் எனச் சமாதானம் கூறப்பட்டது. அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு சாட்சிகளைக் கேட்டு, 67 பேர் இறந்தனரென்றும், அது மோதலில் நேர்ந்ததன்று, பழிதீர்க்கச் செய்ததென்றும் கண்டது. பின்னர் இராணுவ நீதிமன்று, படையினரை அடக்கத் தவறிய அதிகாரியைப் பதவிநீக்கியதோடு அமைந்தது. அந்தத் தண்டனை போதியதன்று என்பது நம் கருத்து. ஆயினும் ஆணைக்குழுவின் விசாரணை முழுவதும் எதனைச் சுற்றி நின்றதென்பதைக் கவனிக்க. தாக்குதல் நிகழ்ந்துகொண்டிருந்ததா, முடிந்துவிட்டதா? அடியுண்டவன் அடித்தவன்தானா, வேறொருவனா? பூவரசங்கம்போடு வாவிக்கரையிற் காத்திருந்த பிள்ளையிடம் கேட்கவேண்டிய வினாக்களும் இவையே. நாம் சிறியதைப் பெரியதோடு ஒப்பிட்டு அப்பிள்ளையைப் பழிக்கவில்லை. இவ்விரண்டு வினாக்களையும் பதின்மூன்று வயதிற் கேட்கப் பழகாதவனிடம் பின்னொருநாள் ஒரு துவக்கைக் கொடுத்தால் அவன் எங்கே கேட்கப்போகின்றான் என்று அஞ்சுகின்றோம்.

ஆசிரியர் கைப்பிரம்பைப் பற்றியும் சிலர் இவ்விடத்தில் வினாவுவர். அது காவலுமன்று, பழியுமன்று, திருத்தம் என்பர். 2005-ஆம் ஆண்டின் கல்வியமைச்சுச் சுற்றறிக்கை உடற்றண்டனையை விலக்கிவிட்டதாதலின் அவ்வாராய்ச்சிக்கு இப்பொழுது தேவையில்லை. அறிக்கையை வாசித்தபின்னும் பிரம்பை அலுமாரியின்மேல் வைத்திருக்கும் நண்பர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் பெயர் இங்கு வேண்டா.

அவ்வாசிரியருக்கு நாம் கூறியது இவ்வளவே. முதல்நாட் செயலுக்காக அம்மாணாக்கனை வெளியே நிறுத்தியது பிழை; அதனை வகுப்பின்முன் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். கையை முறுக்கியவனையும் கையை விடுவித்தவனையும் ஒரே வாயிலில் நிறுத்தினால், மூன்றாம் பிள்ளை ஒருவனும் இனி எழுந்துவரான். சோற்றுப்பொதியை இழப்பவன் இழந்துகொண்டேயிருப்பான். மறுநாட் செயலுக்காக அவனை நிறுத்தியது முறையே; ஆயினும் காரணத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கவேண்டும். அன்றியும் அவ்வுயர்வகுப்பினன் மறுநாள் தனியே அஞ்சி நடந்தபொழுது அவனுக்குக் காவல் வேண்டியிருந்தது. முதல்நாளே இருவரையும் அழைத்து விசாரித்த ஆசிரியர், பகை அடுத்தநாளைக்கு நீளுமென்று எதிர்பார்த்து அவனை வழிவிட ஒருவரை அனுப்பவில்லை. தத்தனார் செய்த மூன்றாவது செயல் அங்கே ஆசிரியருக்குரியதாக இருந்தது.

அவர் நம் சொல்லை ஏற்று, அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அவ்வாறே கூறினாராம். மாணாக்கன் மகிழ்ந்தானோவெனக் கேட்டோம். மகிழ்ந்தானாயினும் அவன் அத்தோடு அமரவில்லை. "ஐயா, உள்ளே விடாமல் வாயிலிலேயே பொதியைச் சோதித்திருந்தால் அரசர் இறந்திருக்கமாட்டாரே, தத்தனார் அதனை ஏன் செய்யவில்லை?" என்று மற்றொரு வினாவை எழுப்பினானாம். அடியார் வேடத்தில் வருபவருடைய பொதியை அவிழ்க்கச் சொல்லுதல் அவ்வரண்மனை வழக்கமன்று என்று ஆசிரியர் கூறியிருக்கின்றார். "அப்படியானால் எவர் வந்தாலும் அவிழ்க்கவேண்டாமா?" என்றான் அவன். இதற்கு அவர் இன்னும் விடை சொல்லவில்லை, நாமும் சொல்லிலேம்.